வீட்டு வேலையளுக்கு நடுவில டயறி கொமிக்ஸ்: ஆக்கள் என்னட்டை அடிக்கடி கேக்கிற கேள்வியள்

நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு முன்பள்ளியில படிப்பிக்கிறன். வீட்டில ரெண்டு பிள்ளையள், மாமி, வயல் செய்யிற மனுசன், கோழியள், ஒரு மாடு. அண்டண்டைக்கு நடந்ததில ஏதும் ஒண்டை நாலு பெட்டிக்குள்ள படமாக் கீறி ஒரு கொப்பியில வைச்சுக்கொண்டு வாறன். ரியூசன் வாசலில நிக்கிற அம்மாமார், கூடப் படிப்பிக்கிற ரீச்சர்மார், கனடாவில இருந்து கோல் எடுக்கிற சொந்தக்காரர் எண்டு எல்லாரும் மாறி மாறி ஒரே கேள்வியளைத்தான் கேக்கினம், அதான் ஒரேயடியா எழுதி வைப்பம் எண்டு.

டயறி கொமிக்ஸ் எண்டா என்ன?

டயறிதான். வசனமா எழுதிறதுக்குப் பதிலா பெட்டி போட்டுப் படம், ஆக்கள் கதைக்கிறது பலூனுக்குள்ள, அவ்வளவுதான். அமெரிக்காவில ஜேம்ஸ் கொச்சல்கா எண்ட ஒருத்தர் 1998இல தொடங்கி 2012 முடியுமட்டும் கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் இப்பிடிக் கீறினவர், அதுக்கிடையில அவருக்கு ரெண்டு பிள்ளையளும் பிறந்தது, ஆனா நிப்பாட்டேல்லை. பெரிய சாகசம் ஒண்டுமில்லை, பூனை, சாப்பாடு, மனுசியோட கொழுவல், இதுகள்தான். யப்பானில சின்ன வகுப்புப் பிள்ளையளுக்குக் கோடை லீவு வீட்டுவேலையில படம் கீறி டயறி எழுதிறதும் ஒண்டு.

எங்கட பக்கமும் கோட்டுப் படத்தில ஊர்க்கதை சொல்லுறது புதுசில்லை. சிரித்திரன் எண்ட பகிடிச் சஞ்சிகையை நடத்தின சுந்தரின்ர சவாரித்தம்பர் கார்ட்டூனை எங்கட அப்பா வயசு ஆக்களிட்டைக் கேட்டுப் பாருங்கோ, உடன சிரிப்பினம். அது டயறி இல்லைத்தான், ஆனா வேலியடிக் கதையை அப்பிடியே வேலியடிப் பாசையில படமாக்கலாம் எண்டு எப்பவோ காட்டின மனுசன் அவர்.

நேரம் எங்கால எடுக்கிறீங்கள்?

இதைத்தான் கூடக் கேக்கிறவை. நேரம் எடுக்கிறேல்லை, எடுக்கவும் ஏலாது. விடிய நாலு மணிக்கு எழும்பிக் கீறுங்கோ எண்டு சில பேர் சொல்லுவினம், அப்பிடிச் சொல்லுறவைக்கு விடியச் சாப்பாடு வேற ஆரோ செய்து குடுக்கினம் எண்டு நினைக்கிறன். எங்களுக்கு நாலு மணிக்கு எழும்பினா அதில புட்டுக்கு மா குழைக்கிற வேலைதான் வந்து குந்தும்.

எங்களிட்டை இருக்கிறது முழு நேரமில்லை, துண்டு நேரம். புட்டு அவியிற நேரம், மோட்டரைப் போட்டுட்டு ராங்க் நிரம்புமட்டும் கிணத்தடியில நிக்கிற நேரம், மூத்தவளை அஞ்சாம் வகுப்பு ஸ்கொலசிப் சோதினை வகுப்பில விட்டுட்டு வாசலில மோட்டச்சைக்கிளில இருக்கிற நேரம், பஸ் வருகுது வருகுது எண்டு ஏ9 றோட்டில பாத்துக்கொண்டு நிக்கிற நேரம். இதுகள் ஒண்டும் பத்து நிமிசத்துக்கு மேல இல்லை. அப்ப வேலையையும் பத்து நிமிசத்துக்குள்ள முடியிற துண்டா உடைக்கவேணும், அதான் முழு விசயமும்.

நான் உடைக்கிறது இப்பிடி. பகலில ஏதும் நடந்தா ஃபோனிலயோ பில்லுத் துண்டின்ர பின்பக்கத்திலயோ ரெண்டு மூண்டு சொல்லுக் குறிக்கிறது, "மாமி, குரங்கு, பப்பாசி" எண்டு, அது காணும். பிறகு ஒரு துண்டு நேரத்தில பெட்டி அடிச்சு, ஆர் என்ன சொன்னது எண்டதை எழுதிறது. இன்னொண்டில பென்சிலால ஆக்களைப் போடுறது. இரவைக்கு எல்லாரும் படுத்தாப்பிறகு பேனையால மேல கீறுறது. எந்த இடத்தில ஆர் கூப்பிட்டாலும் கொப்பியை மூடிப்போட்டுப் போகலாம், விட்ட இடம் தெரியும். சில நாள் பென்சிலோட நிண்டிடும், பரவாயில்லை, பென்சில் படமும் படந்தான்.

எனக்குக் கீறவே தெரியாதே?

சித்திரப் பாடத்தில எத்தினை மாக்ஸ் எடுத்தனீங்கள் எண்டு இதில ஒருத்தரும் கேக்கப்போறேல்லை. ஒரு வட்டம், அதுக்குக் கீழ ஒரு அவரைவிதை மாதிரி உடம்பு, நாலு கோடு கை கால். இவ்வளவு வந்தாத் தொடங்கலாம். ஆர் எண்டு தெரியிறதுக்கு ஆளுக்கொரு அடையாளம் வையுங்கோ. எங்கட வீட்டில மாமிக்குக் கொண்டையும் கண்ணாடியும், மனுசனுக்கு மீசையும் தோளில துவாயும், மூத்தவளுக்கு ரெட்டைப் பின்னல், சின்னவனுக்கு நெத்தியில நிமிந்து நிக்கிற மயிர். எனக்கு எப்பவும் ஒரு பொட்டும் தோள் பையும். அடையாளம் மாறாம இருந்தா மூஞ்சை ஒவ்வொரு பெட்டியிலயும் ஒவ்வொரு மாதிரி வந்தாலும் வாசிக்கிறவைக்கு விளங்கும்.

கை கீறக் கஸ்டம் எண்டா பின்னுக்குக் கட்டிவிடுங்கோ, இல்லாட்டிச் சுளகையோ வாளியையோ பிடிக்க வையுங்கோ. எல்லாரும் செய்யிற களவுதான்.

ஒவ்வொரு நாளும் கீற என்ன இருக்கு? எங்கட வீட்டில ஒண்டும் நடக்கிறேல்லை.

நடக்குது, நீங்கள் பதியிறேல்லை. லிண்டா பாரி எண்டு அமெரிக்காவில கொமிக்ஸ் கீறி, விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில படிப்பிக்கிறவ, தன்ர மாணவர்களுக்குக் குடுக்கிற பழக்கம் ஒண்டு இருக்கு. ஒரு தாளைப் பிரிச்சு, இண்டைக்குச் செய்தது, கண்டது, காதில விழுந்த ஒரு கதை, பிறகு கண்டதில ஒண்டைச் சின்னப் படம். கொஞ்ச நிமிசத்தில முடியவேணும், யோசிக்க நேரமில்லை. நான் இதைப் பலநாள் படமில்லாமலே செய்யிறனான், ஏனெண்டா "காதில விழுந்தது" எண்ட அந்த மூலைதான் தங்கம். சந்தையில மீன் விக்கிற அம்மா விலை கேட்டவரைப் பாத்துச் சொன்னது, முன்பள்ளியில மூண்டரை வயசுப் பெடியன் "ரீச்சர், எங்கட ஆடு இண்டைக்கு லீவு" எண்டது. படம் கீறாட்டியும் இதுகளை எழுதி வைச்சா, ஒண்டும் நடக்காத நாளுக்கு எடுத்துக் கீறலாம்.

பெரிய விசயத்தை எடுக்காதேங்கோ. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனா கோயிலையும் சனத்தையும் முழுசாக் கீற வெளிக்கிட்டா கை வலிச்சு விட்டிடுவியள். செருப்பைத் தவறவிட்டுட்டுச் சுடுமணலில துள்ளித் துள்ளி வந்த சித்தப்பாவைக் கீறுங்கோ, நாலு பெட்டி நிரம்பும், பொங்கலும் அதுக்குள்ள வந்திடும்.

என்ன சாமான் வாங்கவேணும்?

ஒண்டும் வாங்காதேங்கோ முதல். பிள்ளையின்ர போன வருசத்துக் கொப்பியில மிச்சத் தாள் கிடக்கும். பிடிச்சுப் போச்செண்டா ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கோ, மட்டை தடிப்பு, மடியில வைச்சுக் கீறலாம், கோடு போட்ட தாள் எண்டா எழுத்து நேரா வரும், நான் கோட்டுத் தாளிலதான் கீறுறனான். எச்பி பென்சில் ஒண்டு, அழிறப்பர், அடிமட்டம், கறுப்புப் பேனை. சாதாரண போல்பொயின்ற் பேனை காணும், ஆனா வெளிச்சம் பட்டா வருசக்கணக்கில மங்கும், கொப்பிக்குள்ள மூடிக் கிடந்தாப் பிரச்சினையில்லை. ஜெல் பேனை வடிவான கறுப்பு, ஆனா காயமுன்னம் கை பட்டா இழுபடும், புழுக்கத்தில கை வேர்த்துக்கொண்டு கீறுற எங்களுக்கு அது பெரிய தொல்லை. கைக்குக் கீழ ஒரு துண்டுப் பேப்பரை வைச்சுக் கீறுங்கோ. பிக்மென்ற் மை பேனை எண்டு வருகுது, காய்ஞ்சாத் தண்ணி பட்டாலும் கரையாது, கிளிநொச்சி டவுனில எல்லாக் கடையிலயும் இல்லை, யாழ்ப்பாணம் போற ஆரிட்டையும் சொல்லிவிடலாம்.

நிறம் வேணுமெண்டா பிள்ளையளின்ர பஸ்டலை எடுக்கலாம், ஆனா கேட்டிட்டு எடுங்கோ, மஞ்சளை முறிச்சுப்போட்டு வந்தா வீட்டில பெரிய வழக்கு.

பலூனுக்குள்ள தமிழ் அடங்குதில்லை, என்ன செய்யிறது?

படத்தைக் கீறிப்போட்டு மிச்ச இடத்தில எழுத்தை நெருக்கிறபடியாத்தான் அப்பிடி. எழுத்தை முதல் எழுதுங்கோ, அதைச் சுத்திப் பலூனைப் போடுங்கோ, மிஞ்சின இடத்துக்குள்ள ஆக்கள் நிக்கட்டும். தமிழ் எழுத்து அகலம், மேல விசிறி, கீழ சுழி எண்டு ரெண்டு பக்கமும் நீளும், அதால வரிக்கு வரி கொஞ்சம் கூட இடைவெளி விடவேணும், பென்சிலால மெல்லிசா ரெண்டு கோடு அடிச்சா நேரா நிக்கும். மற்றது, பேச்சில எழுதுங்கோ. "செய்துகொண்டிருக்கிறேன்" எண்டு எழுதினா ஒரு பெட்டியே போச்சு, "செய்யிறன்" எண்டா மூலையில அடங்கும். மாமி கதைக்கிற மாதிரி எழுதினாத்தான் மாமியாவும் இருக்கும். ஒரு பலூனுக்கு ஏழெட்டுச் சொல்லுக்கு மேல போனா அதை வெட்டி ரெண்டு பெட்டியா ஆக்கிறது நல்லம்.

பின்னுக்கு வீடு, மரம், எல்லாம் கீறவேணுமா?

முதல் பெட்டியில மட்டும் இடத்தைக் காட்டுங்கோ, மற்ற மூண்டும் வெறுமையா விடலாம். எங்களுக்கு ஒரு வசதி, வீட்டுத்திட்ட வீடு எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, நடுவில கதவு, பக்கத்தில ஜன்னல், முன்னுக்குத் தகரப் பத்தி, ஒருக்காக் கையில வந்தா ஊரில பாதிப்பேரின்ர வீட்டைக் கீறினமாதிரி. ஒரு பனை, ஒரு முருங்கை, கிரவல் றோட்டுக்கு ரெண்டு கோடும் கொஞ்சம் புள்ளியும். லாண்ட்மாஸ்டர் எண்ட ரெண்டு சில்லு உழவு மெசின் மட்டும் கஸ்டம், அந்த நீட்டுக் கைபிடியும் பெல்ட்டும் கன நாள் எனக்குப் பிடிபடேல்லை, கடைசியில அது நிக்கேக்கை பக்கத்தில குந்தியிருந்து பாத்துக் கீறினாப்பிறகுதான் சரி வந்தது. ஃபோட்டோவைப் பாத்துக் கீறுறதைவிட நேர பாத்துக் கீறினாக் கெதியா மனசில நிக்கும்.

கீறிப் பழகத் தனியாப் பயிற்சி செய்யவேணுமா?

என்ர எண்ணம், தேவையில்லை, டயறியே பயிற்சி. இருக்கிற பத்து நிமிசத்தையும் "பயிற்சி" எண்டு கண்ணும் மூக்கும் கீறிக் கழிச்சா டயறி எப்ப கீறுறது? ஆனா ரெண்டு சின்ன விளையாட்டு நல்லம். ஒண்டு, தாளைப் பாக்காமல், கண்ணைச் சாமானில வைச்சுக்கொண்டு, பேனையைத் தூக்காமல் அதின்ர ஓரத்தை இழுக்கிறது. கோணலா வரும், பிள்ளையள் விழுந்து விழுந்து சிரிப்பினம், ஆனா கண் பழகும். மற்றது அரை நிமிசப் படம், கோழி, மாடு, வெட்டு மெசினுக்குப் பின்னால போற கொக்கு, அசையிறதைப் பிடிக்கிறது. ஆக்களை ஆறுதலாக் கீறவேணுமெண்டா நித்திரை கொள்ளுறவையைக் கீறுங்கோ. மத்தியானம் சாப்பிட்டிட்டுச் சாய்மனைக் கதிரையில கிடக்கிற மனுசன் மாதிரி ஆடாத அசையாத மொடல் ஒருத்தரும் கிடையாது.

யாழ்ப்பாணத்தில ஓவியர் மாற்கு மாஸ்டர் விடுமுறைக்கால ஓவியர் கழகம் எண்டு ஒண்டை நடத்தினவர். பேரைப் பாருங்கோ, லீவு நாளில கீறுற ஆக்கள். முழுநேரமும் ஓவியரா இருக்கிறவைக்கு மட்டும்தான் கீற உரிமை எண்டு எங்கட பக்கம் ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை.

பிள்ளையள் கீற விடுகினமே இல்லை?

அவைக்கும் ஒரு தாள் குடுங்கோ. பெட்டியை நான் அடிச்சுக் குடுக்கிறன், மூண்டு பெட்டி நான் கீறினா நாலாவது சின்னவன்ர. அவன் எல்லாத்திலயும் யானையைக் கொண்டுவந்து விடுவான், காட்டுக்கரை ஊரில அது பொய்யுமில்லை. பேனையோட நிக்கேக்கை மடியில ஏறினா அண்டையான் படத்தில ஒரு கோணல் கோடு வரும், அதுக்குப் பக்கத்தில அம்புக்குறி போட்டு "இது தம்பி" எண்டு எழுதிவிடுங்கோ.

ஸ்கொலசிப் எழுதிற வருசம் மூத்தவளுக்கு இதைக் கட்டாயப்படுத்தாதேங்கோ, அதுகளுக்கு ஏற்கனவே காணும் காணும் எண்ட அளவுக்குக் கொப்பி.

வீட்டாக்களைக் கீறினாக் கோவிக்க மாட்டினமா? ஊர் கதைக்குமே?

கதைக்கும். அதால நான் ரெண்டு கொப்பி வைச்சிருக்கிறன், ஒண்டு காட்டுறது, மற்றது காட்டாதது. மனுசனோட சண்டை பிடிச்சதெல்லாம் ரெண்டாவதுக்குள்ள, அது அலுமாரியில உடுப்புக்குக் கீழ. காட்டுற கொப்பியில ஆரையும் நக்கலடிக்கிறதெண்டா முதல் என்னை நக்கலடிப்பன். மாமிக்கு முதல்நாளே காட்டிக் கேட்டனான், அவ கண்ணாடியைப் போட்டுப் பாத்திட்டு "நான் இவ்வளவு குண்டோ" எண்டு மட்டும் கேட்டா, இப்ப தன்னைக் கீறாத கிழமை ஏன் கீறேல்லை எண்டு கேக்கிறா.

பிள்ளையளின்ர விசயத்தில கவனம். படுக்கையில மூத்திரம் பெய்தது, சோதினையில குறைஞ்சது, இதுகளை ஃபேஸ்புக்கில போட்டா நாளைக்கு அதுகள் வளந்து பள்ளிக்கூடத்தில முகம் குடுக்கவேணும். முன்பள்ளிப் பிள்ளையளை நான் பேரில்லாமல், அடையாளத்தை மாத்தித்தான் கீறுறது. சின்ன ஊர், ரெட்டைச் சுழியும் பச்சைச் சைக்கிளும் போட்டாலே ஆர் வீட்டுப் பிள்ளை எண்டு பிடிச்சிடுவினம்.

பழைய துக்கமான விசயங்களைக் கீறலாமா?

இதை நேர கேக்க மாட்டினம், சுத்தி வளைச்சுத்தான் கேப்பினம். கீறலாம். ஆனா டயறிக்குள்ள இண்டைக்கு எண்டதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது எனக்கு உதவுது. 2009ஐக் கீறவேணும் எண்டு இருந்தா நாலு பெட்டியும் காணாது, பத்து நிமிசமும் காணாது, துண்டு நேரத்தில திறந்துபோட்டு, புட்டு அவிஞ்சிட்டுது எண்டு மூடிப்போட்டுப் போற விசயமில்லை அது. அதுக்கு வேற கொப்பி, வேற நேரம், கூட இருக்க ஒரு ஆள் வேணும். ஆனா இண்டைக்கு மேல ஹெலி ஒண்டு போச்சு, மாமி அரிசி கொழிக்கிறதை நிப்பாட்டிப்போட்டு அண்ணாந்து பாத்துக்கொண்டு இருந்தா, பிறகு திரும்பக் கொழிச்சா. இது இண்டையான் டயறி. இதுக்கு நாலு பெட்டி தாராளம், விளக்கமும் எழுதத் தேவையில்லை, எங்கட ஆக்களுக்கு விளங்கும்.

வயது போனவையைக் கிண்டிக் கிண்டிக் கேக்காதேங்கோ, அவை தாங்களாச் சொல்லேக்கை கேளுங்கோ. மற்றவையின்ர துக்கத்தைக் கீறுறதிலயும் எனக்கு ஒரு கோடு இருக்கு. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளைக் கேட்டு 2017 பெப்ரவரியில அம்மாமார் போராட்டம் தொடங்கினவை. அவையின்ர முகத்தை நான் கீறினதில்லை. பஸ் ஜன்னலால பாத்துக்கொண்டு போற என்னைத்தான் கீறியிருக்கிறன்.

நாள் தவறினா? விட்டதெல்லாம் சேத்துக் கீறவேணுமா?

வேண்டாம். விட்டது விட்டதுதான், இண்டையான் திகதியில இருந்து தொடங்குங்கோ. சேத்துக் கீற வெளிக்கிட்ட ஆக்கள்தான் முழுசா விட்ட ஆக்கள். காலபோக அருவி வெட்டு நேரம், அதாவது தை மாசி, என்ர கொப்பியில பக்கம் பக்கமா வெறுமை, இல்லாட்டிப் பெட்டிக்கு ஒரு சொல்லு, "நெல்", "வெயில்", "நெல்". அதுவும் பதிவுதான், அந்த மாசம் அப்பிடித்தான் இருந்தது.

இதில ஒரு பகிடி. பெப்ரவரி 1ஆம் திகதி வெளிநாடுகளில கொமிக்ஸ் கீறுறவை ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒரு படம் எண்டு முழுநாளும் கீறுவினம். சரியா எங்களுக்கு மெசின் வாற, நெல்லுக் காயப்போடுற, ஆக்களுக்குத் தேத்தண்ணி ஊத்துற நேரம். ஆசையெண்டா வைகாசியில ஒரு ஞாயிறு வைச்சுக்கொள்ளுங்கோ, திகதியைப் பிடிச்சு ஆரும் மறியல்ல போடப் போறேல்லை. மணித்தியாலத்துக்கு ஒரு பெட்டி, ரெண்டு நிமிசம், அவ்வளவுதான். ஒருநாள் முழுக்க என்ன செய்தனாங்கள் எண்டு பாக்கேக்கை பாதிப் பெட்டியில குசினிதான் நிக்கும், அதை மனுசனுக்கும் காட்டுங்கோ.

ஃபோனிலயே கீறினா என்ன?

கீறலாம், எனக்குச் சரிவரேல்லை, விரல் மொத்தம், திரை சின்னன், கீறிக்கொண்டிருக்கேக்கை கோல் வரும், அதோட ஃபோனைக் கையில எடுத்தாப் பிள்ளையள் யூரியூப் கேக்கினம். கொப்பியை ஒருத்தரும் பறிக்கிறேல்லை.

கொப்பியள் பழுதாகாமல் எப்பிடி வைக்கிறது? மற்றவைக்கு எப்பிடி அனுப்பிறது?

வன்னியில முதல் எதிரி கறையான். நிலத்தில வைக்காதேங்கோ, சுவரோட ஒட்டி வைக்காதேங்கோ. தகரப் பெட்டிக்குள்ள, பொலித்தீன் பையில சுத்தி, வேப்பிலை காயவைச்சுப் போட்டு, உயரத்தில வையுங்கோ. மாரி முடிய வெயில் இல்லாத காத்தோட்டமான இடத்தில பிரிச்சு வைச்சு எடுக்கவேணும், இல்லாட்டிப் பூஞ்சணம் பிடிக்கும். 2018 மார்கழியில வெள்ளம் வரேக்கை சனம் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினது எண்டு தெரியுந்தானே, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பாஸ் புத்தகம். கொப்பிக்கு அந்தப் பையில இடம் கிடைக்காது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கலியாண அல்பமே இல்லாத வீடுகள் எத்தினை எங்கட பக்கம், அதால நான் ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோனில எடுத்துக் கூகுள் ட்ரைவில போட்டிடுவன்.

எடுக்கேக்கை ஃப்ளாஷ் போடாதேங்கோ, தாள் நடுவில வெள்ளையடிக்கும். காலமை ஒரு எட்டு ஒன்பது மணிக்கு வாசல்படியில, நேர வெயில் விழாத இடத்தில தாளை வைச்சு, உங்கட தலை நிழல் விழாமல் நேர மேல நிண்டு எடுங்கோ. ஸ்கான் செய்யிற அப் எதாலயும் எடுத்தா ஓரம் வெட்டி, கறுப்பைக் கறுப்பாத் தரும். கனடாவுக்கு வட்ஸ்அப்பில அனுப்பிறதெண்டா டொக்கியுமென்றா அனுப்புங்கோ, ஃபோட்டோவா அனுப்பினா எழுத்து மங்கும், பிறகு பெரியம்மா கோல் எடுத்து ஒவ்வொரு பலூனையும் வாசிச்சுக் காட்டச் சொல்லுவா.

இதால காசு வருமா?

எனக்கு வரேல்லை. ஒருக்காப் பிறந்தநாள் கார்ட் ஒண்டு கீறித்தரச் சொல்லிக் கேட்டவை, கீறிக் குடுத்தன், ஒரு பை முருங்கைக்காய் வந்தது. உங்களிட்டை ஆரும் கேட்டா வெக்கப்படாமல் முதலே விலையைச் சொல்லுங்கோ, தாளுக்கும் பேனைக்கும் மட்டுமில்லை, இருந்து கீறுற நேரத்துக்கும் சேத்து. ஆனா டயறிக் கொப்பியை மட்டும் விலைபேச வேண்டாம், ஆரும் காசு தாறன் எண்டால் ஃபோட்டோக்கொப்பி எடுத்துக் குடுங்கோ, மூலக் கொப்பி வீட்டிலயே இருக்கட்டும்.